காலி வண்டி எடை

இரவு ஒன்பதுக்கு ஒன்று.
மஞ்சள் நிறம், துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு.
ஐந்து வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு,
லீப் வருஷத்தின் ஒன்றையும் சேர்த்து.
கணக்கை டாக்டர் சொல்லவில்லை.
வெள்ளக்கல்பட்டி எடைமேடையில்
இருபத்தொன்பது வருஷம் சீட்டு எழுதியவளுக்கு
யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மாதவிலக்கு நாற்பத்தொன்பதில் நின்றது.
அப்பாடா என்று இருந்தேன்.
அறுபதில் சொல்கிறார்கள்,
கடையை மூடிய பிறகும் கொல்லைப்புறமாய்
வியாபாரம் நடக்கிறதாம் உடம்பில்.
கட்டிக்குத் தீனி அங்கிருந்துதானாம்.
இந்த மாத்திரை கொல்லைக் கதவுக்குப் பூட்டு.
சரி, பூட்டுங்கள் என்றேன்.

பூட்டிய வீட்டுக்குள் சூளை எரிகிறது.
மார்கழியில், சேர்வராயன் மலையிலிருந்து பனி இறங்கும் நேரத்தில்
ஃபேனை ஐந்தில் வைக்கிறேன்.
குழந்தைவேலு இரண்டு போர்வைக்குள்ளிருந்து
"நீ தூங்கு" என்கிறார், பல் தந்தியடிக்க.

விடிந்தால் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை.
நாளைக்கு நூற்றிருபது லாரிக்குக் கையெழுத்துப் போட்டவை
ஒரு பால் பாக்கெட்டின் மூலையை வெட்ட
ஏழரை வரை காத்திருக்கின்றன.

எலும்பைப் படம் எடுத்தார்கள்.
மைனஸ் இரண்டு புள்ளி மூன்று.
மைனஸ் எனக்குத் தெரியும்:
சரக்கை வழியில் எங்கோ இறக்கியிருக்கிறார்கள்.
சுண்ணாம்புச் சத்துக்கு இன்னொரு மாத்திரை, சாக்பீஸ் துண்டு போல.
வெள்ளைக்கல்லை வெட்டி வெட்டிக் குழியான ஊர்க்காரி
கல்லைத் தின்கிறேன் என்றேன்.
நர்ஸ் தவமணி சிரிக்கவில்லை.

ஐப்பசியில் இருபத்திரண்டு இரவு
மாத்திரையைப் பொத்தான் டப்பாவில் போட்டேன்.
காலண்டரில் டிக் மட்டும் தவறவில்லை.
பதினேழாம் நாள் நானே தலை பின்னினேன்.
கீமோவுக்குப் பிறகு சுருண்டு முளைத்த முடி,
ஒரு சாண் பின்னல்.
அவிழ்த்து, மறுபடி பின்னினேன்.

எடையைக் குறைத்து எழுதச் சொல்லி
ஒருமுறை ஒப்பந்தக்காரர் ஒருவர் மேசையில் கவர் வைத்தார்.
அதைத் திருப்பித் தள்ளிய கதையை
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
இந்த இருபத்திரண்டு டிக்
யார் கை போட்டது?

டப்பாவோடு போனேன், ஐந்து ரோடு வரை
பஸ்ஸில் நின்றுகொண்டே.
டாக்டர் மேசையில் கவிழ்த்து எண்ணினார்.
ஒரு நீலப் பொத்தானையும் சேர்த்து எண்ணிவிட்டார்,
இருபத்து மூன்று என்றார். திருத்தினேன்.
"கை வலின்னு முன்னாடியே வந்திருக்கலாமேம்மா."
திட்டுக்குத் தயாராகப் போனவள்
அப்போதுதான் அழுதேன்.
வேறு மாத்திரை எழுதினார். இது வெள்ளை.
வலி குறையலாம், குறையாமலும் போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரில்
அந்த இருபத்திரண்டு கட்டத்தையும் சுற்றிக் கோடிட்டு
சீட்டில் எழுதுவதுபோலவே எழுதினேன்: காலி.
குழந்தைவேலு கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"என்ன, சிலிண்டரா?"
உட்காருங்க, சொல்றேன் என்றேன்.
மணி ஒன்பது ஆகியிருந்தது.
முதலில் தண்ணீர் எடுத்து வந்தேன்.