இரண்டாவது தட்டு

முதல் தட்டு நாற்பத்தொன்று விற்றது.
மிச்சம் சேந்தன் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே;
பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது.

இது இரண்டாவது.
குருநகரில், மூடிக்கிடந்த ஐஸ் பக்டரியின் குளிரறையில்
மூன்று இரவு பதிந்தோம்.
எமில்டா பியானோ. சேந்தன் டிரம்ஸ்.
என்னைவிட உயரமான பேஸ் என்னுடையது.

பியானோவில் ஒரு கட்டை ஊமை.
நடுவில், கறுப்பு.
முதலிரவு எமில்டா அதை வெட்டி வெட்டிப் போனாள்,
பள்ளம் தெரிந்த மினிபஸ்காரன் மாதிரி.
இரண்டாமிரவு
நேரே அதிலேயே விரலை வைத்தாள்.

டொக்.

மரம் மரத்தில் படும் சத்தம், வேறொன்றுமில்லை.
நாலாவது உருப்படி முழுக்க
அந்த டொக்கைச் சுற்றித்தான் நடக்கிறது.

இன்று வெளியீடு.
அறுபது கதிரை, இருபத்திமூன்று பேர்.
பேனரில் ‘ஜாஸ்’ என்றிருந்ததைப்
பிறந்தநாள் பிள்ளையின் பெயரென்று நினைத்து
ஒருவர் என்வலப்போடு வந்தார்.
விசயம் தெரிந்த பிறகும் போகவில்லை.
என்வலப்பையும் தரவில்லை.

மண்டபப் பொறுப்பாளர் யோவாகிம் நல்ல மனிசன்.
காலமை ஆள் பிடித்து,
எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல்,
கட்டையைத் திருத்தி வைத்திருக்கிறார்.

நாலாவது உருப்படி.
எமில்டா விரலை வைத்தாள்.
ஒலித்தது.
சுத்தமாக, வடிவாக, யாரோ வீட்டுப் பிள்ளை போல.

அவள் எங்களைப் பார்த்தாள்.
நான் பிடித்த தந்தியையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சுற்றில் அந்த இடம் வந்தபோது
அவள் கையைத் தூக்கிக்கொண்டாள்.
சேந்தன் குச்சியைத் திருப்பிக்
கதிரைக் காலில் போட்டான்:

டொக்.

பின்வரிசையில் எழும்பி நின்று
யோவாகிம் கை தட்டுகிறார்,
கட்டை வேலை செய்கிறதென்று.