மூலனூர் ரோட்டுத் தார்

வெள்ளைக் கார்ல தாரு
கடுகு தாளிச்ச மாதிரி தெறிச்சிருந்துச்சுங்க.
முன்சக்கரத்துக்குப் பின்னால நெறைய,
கதவோட அடிப்பக்கம் வரிசையா,
பின் பம்பர்ல ஒரே ஒண்ணு,
நாலு விரக்கடை நீளத்துக்கு இழுவிக்கிட்டுப் போயிருந்துச்சு.

பிரஷர் பாக்கக் காங்கயம் ஆஸ்பத்திரி போறம்னு
ஊட்டுல சொல்லியிருந்தோம்.
காங்கயம் ரோட்டுல ஏதுங்க தாரு?
அது போட்டு ரெண்டு வருசமாச்சு.
இன்னிக்கு வெள்ளகோயிலச் சுத்திப்
புதுசா ரோடு போடறது மூலனூர் பக்கம் மட்டுந்தான்.
சென்னியப்பண்ணனுக்கு அது தெரியாம இருக்குமா,
ஜல்லி லாரி பூராவும்
அவரு எண்ணெய் மில்லு வாசல்லதானுங்க திரும்புது.

பெட்ரோல் ஊத்தலாம்னு பாத்தேன், பெயிண்டு மங்கிரும்.
பிளேடு வெச்சா கோடு விழும்.
ராத்திரி பத்தரைக்கு வாட்டர்வாஷ் தங்கராசுக்குப் போனப் போட்டேன்.
மொதல்ல தண்ணி அடிச்சு மண்ண எறக்கு,
அப்பறம் எண்ணெய் தடவி ஊற வுடு,
அழுத்தித் தேய்க்காதேன்னான்.
என்ன எண்ணெய்டான்னேன்.
எண்ணெய் மில்லுக்குள்ள நின்னுக்கிட்டு
எங்கிட்ட கேக்கற பாருன்னு வெச்சுட்டான்.

போன் வெளிச்சம் கதவுல,
வாளியில பனியன் வேஸ்ட்டு,
சொம்புல அவரு மில்லுல ஆட்டுன தேங்காயெண்ணெய்.

தாரு எல்லாம் ஒரே மாதிரி கரையறதில்லீங்க.
சிலது ஒரு இழுப்புல வந்துருது.
சிலது காப்பிக் கறையாட்டம் பரவி
மறுக்கா எண்ணெய் கேக்குது.

ஊறட்டும்னு உக்காந்திருக்கையில
பெரியம்மா நெனப்புத்தான்.
செவப்புக் கொடி புடிச்சவன் முன்னால
முப்பது நிமிசம் நின்னோம்.
கண்ணாடிய ஏத்தியும் தார் நாத்தம்.
திரும்பிரலாமான்னு ரெண்டு தடவ கேட்டாங்க.
நான் ஒண்ணும் சொல்லலீங்க.
பச்சைக் கொடி அசஞ்சப்ப
சீலைத் தலைப்ப மடியில இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க.

தமயந்தி கேட்டத் தொறந்துக்கிட்டு வந்துச்சு.
அஞ்சு வருசங்க.
யாரைக் கட்டுச்சோ அந்தப் பேரை
இந்த ஊட்டுல சொல்லப்படாது.
ஆத்தாளும் மகளும் கார்க் கதவுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் நின்னு
முருங்கக்காய் இந்த வாரம் என்ன வெலை போகுதுன்னு பேசுனாங்க.
அம்புட்டுதான்.
நான் டயர்ல காத்து பாக்கற மாதிரி
நாலு டயரையும் பாத்துக்கிட்டே இருந்தேன்.

ஒரு மணிக்குக் கடைசிப் புள்ளியும் போயிருச்சு.
எந்திரிச்சு எட்ட நின்னு பாத்தா வவுறு கலங்கிருச்சுங்க.
தொடைச்ச எடம் பளபளன்னு மின்னுது,
மேல பழைய வெள்ளை.
கதவுக்குக் கீழ்ப்பாதிக்கு மட்டும் கல்யாணம்.
தாரை வுடப் பெரிய சாட்சி.

வேற வழி?
ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்க எடுத்து,
மேல, பானட்டு, டிக்கி, கண்ணாடின்னு
மொத்தக் காரையும் கழுவித் தொடைச்சு நிமிந்தப்ப
கரூர் மொத பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு.

ஆறு மணிக்கு அண்ணன் வந்தாரு.
காரை ஒரு சுத்துச் சுத்துனாரு.
என்னப்பா, ஆயுதபூசை முன்னாலயே வந்துருச்சான்னாரு.
சிரிச்சு வெச்சேன்.
குனிஞ்சு மட்கார்டுக்குள்ளாற கைய வுட்டாரு.
அங்க நான் பாக்கவே இல்லீங்க.
தாரு புடிச்ச ஜல்லி ஒண்ணு
பேத்தெடுத்த கையோட வந்துச்சு.
வெரல்ல வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தாரு.

"ரோட்டு வேலை முடிஞ்சுதா?"
எந்த ரோடுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு.
"முக்காவாசி ஆச்சுங்க."
"வாசல் வரைக்கும் போட்டுட்டானா?"
"இல்லீங்ணா. கடைசியில கொஞ்சம் மண்ணுப் பாதைதான்.
கார் போகுமுங்க."

உள்ளாற பெரியம்மா டம்ளர் கழுவற சத்தம்
நின்னு போச்சு.

அண்ணன் ஜல்லியக் கீழ போடல.
சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு, வெள்ளைச் சட்டைங்க.
கருத்த ரெண்டு வெரலையும் எனக்கு நேரா நீட்டி,
"மிச்சம் எண்ணெய் இருந்தா ஊத்து"ன்னாரு.