பாட்டிலை இறக்கவில்லை

எய்ல்சா வந்தது மே மாதம், முதல் வாரம்.
அவள் கொண்டுவந்த கடிதத்தில்
எங்களுக்கு வேறொரு பெயர் இருந்தது:
வளம் குறைந்த சூழல்.
வாசல் பலகையில் இருக்கும் பெயரில்
ஓர் எழுத்துதான் உதிர்ந்திருக்கிறது.

முதல் நாளே கேட்டாள்,
இங்கே என்னவெல்லாம் இல்லை?
பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தாள்.
ராத்திரியில் ரத்த வங்கி இல்லை.
சனி ஞாயிறு மயக்க மருத்துவர் இல்லை.
லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை;
அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
தரை துடைத்துக்கொண்டிருந்த மல்லேஸ்வரி
தலை தூக்காமல் சொன்னாள்:
"கொசு கீதுன்னு எழுதிக்கச் சொல்லு டாக்டரம்மா."

எய்ல்சாவிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு.
அவள் ஊர் மருத்துவமனையில் ஆறு வாரம்
யாரையும் தொடாமல், ஓரமாக நின்று
பார்க்க மட்டும் அனுமதி கேட்டு
போன வருஷம் நானும் எழுதிப்போட்டேன்.
இடம் கிடைத்தது. விசா கிடைக்கவில்லை.
திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் போதாதாம்.
தண்டையார்பேட்டை வாடகை வீடு,
அம்மாவின் டயாலிசிஸ் சீட்டு,
இந்த வேலை:
எதுவுமே என்னைத் திருப்பி இழுக்காது என்று
யாரோ ஒருவர் முடிவு செய்திருந்தார்.
அவளுக்கு ஒன்பது நாளில் வந்துவிட்டதாம்.
சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மூன்றாவது வாரம், புதன், ராத்திரி ஒன்றேகால்.
எழில் நகர் பிரிசில்லா. இரண்டாவது பிரசவம்.
குழந்தை அழுதுவிட்டது,
கர்ப்பப்பை இறுகவில்லை.
ஊசி போட்டாயிற்று, அமுக்கியாயிற்று.
கட்டிலின் கீழே வாளி வைத்த சத்தம்
அதற்குள் மாறிவிட்டது.
ரத்தம் வாங்கிக்கொண்டு ஸ்டான்லியிலிருந்து கிளம்பிய தேசிங்கு
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறான்.
கூட்ஸ் வண்டி.
போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்,
பிரசவ அறைக்குள் பெட்டி பெட்டியாக
ரயில் போய்க்கொண்டே இருந்தது.

எய்ல்சா ஒரு பலூனின் பெயரைச் சொல்லிக் கை நீட்டினாள்.
அந்தக் கம்பெனி பலூனை நான் படத்தில் பார்த்திருக்கிறேன்.
மல்லேஸ்வரி குடும்ப நல அலமாரியைத் திறந்து
கீழ்த்தட்டிலிருந்து எடுத்து வந்தாள்,
சர்க்கார் இலவச நிரோத்.
கதீட்டர் முனையில் மாட்டி, நூலால் இறுக்கி,
உள்ளே வைத்து, உப்புநீர் விட்டோம்.
நூறு. இருநூறு. முந்நூற்றைம்பது.
சொட்டுகளுக்கு நடுவே எண்ண முடிந்தது.
பிறகு எண்ணத் தேவையில்லாமல் போனது.

"பிரில்லியன்ட்" என்றாள் எய்ல்சா.
அவள் கண்ணில் தண்ணீர்.
எனக்கு வந்தது கோபம்.
இதில் பிரமாதமாக ஒன்றுமில்லை, எய்ல்சா.
ரத்தம் இந்தக் கட்டிடத்தில் இருந்திருக்க வேண்டும்.
அந்த இடத்தில் பாலமும் இருந்திருக்க வேண்டும்.
நீ கற்றுக்கொண்டு போவது
எங்களுக்குத் தராமல் விட்டதை.
ஆங்கிலத்தில் இது வரவில்லை.
"யெஸ்" என்றேன்.

ஆனால் ட்ரிப் ஸ்டாண்டுக்குச் சக்கரம் மூன்றுதான்,
அதை நம்ப முடியாது.
பாட்டிலைத் தலைக்கு மேலே பிடித்தபடி
தேசிங்கு வரும்வரை நின்றாள் அவள்.
ஐம்பது நிமிடம். கை மாற்றி, கை மாற்றி.
மல்லேஸ்வரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்,
உட்கார்ந்தால் உயரம் போதாது என்று
சைகையிலேயே மறுத்தாள்.
பனிப்பெட்டியை நெஞ்சோடு அணைத்து
படியேறி வந்தவன், பிரிசில்லாவுக்கு முன்னால்
அவளைத்தான் பார்த்தான்.

ஆறாவது வாரம் படிவம் வந்தது.
குறைந்த வளங்களோடு பணியாற்றும் திறனைப்
பயிற்சி மருத்துவர் பெற்றாரா?
ஒன்று முதல் ஐந்துக்குள் குறிப்பிடவும்.
எண்ணை வட்டமிடாமல் பக்கத்தில் எழுதினேன்:
பாட்டிலை இறக்கவில்லை.

எங்களைப் பற்றி அவள் நிரப்ப ஒரு படிவம் இருந்தது.
அவளைப் பற்றி நான் நிரப்ப இது.
கேட்டைப் பற்றி நிரப்ப எதுவும் இல்லை.

கிளம்பும் அன்று அவள் டாக்சி
அதே கேட்டில் மாட்டிக்கொண்டது.
போனில் ஒரு செய்தி அனுப்பினாள்:
நாற்பத்தேழு பெட்டி. எண்ணினேன்.