எக்ஸிட்

முதல் இருபது நிமிடம் முடிந்ததும்
வண்டியோடு நான் பனிக்குள் இறங்குவேன்.
மழித்து, வெந்நீர் விட்டு, மறுபடி கண்ணாடியாக்க
எனக்குத் தருவது எட்டு நிமிடம்.
வெளியே ஃபஹாஹீலில் நாற்பத்தாறு டிகிரி.
பின்கதவை யாரோ சாத்தாமல் விட்டால்
பனிமேல் ஒரு முழ உயரத்துக்குப் புகை நிற்கும்.

அழிக்கும்முன் வாசித்துவிடுவேன்.
பிளேடு கீறிய கோடு பொய் சொல்லாது
என்று சொல்ல மாட்டேன். சொல்லும்.
முன்வரிசைக்காரர்களின் சுழிகளில் பாதி
கைதட்டலுக்குப் போட்டவை.
ஆனால் எங்கள் வலைக்குப் பின்னே
அந்த நாலு மீட்டர் சந்தில்
நடிக்க யாருக்கும் நேரம் கிடையாது.
பக் மூலைக்கு உருண்டுவிட்டது,
இரண்டு பேர் விரட்டி வருகிறார்கள்,
எடுக்கப்போன தடுப்பாட்டக்காரன் என்ன செய்தான்?

வெய்க்கோ: வயது இருபத்தாறு, ஒன்பது கோல்.
எதிரணியின் நீலக்கோட்டில் அவன் வெட்டிய பள்ளத்தில்
நூறு ஃபில்ஸ் காசை நிறுத்தி வைக்கலாம்.
எங்கள் வலைக்குப் பின்னால் மட்டும் ஒரே வளைவு,
திரும்பிப் பார்த்த அடையாளமே இல்லை.
பலகையோரம் கண்ணை மூடி ஓங்கி அடிப்பான்.
போன வேகத்திலேயே பக் திரும்பி வரும்.
அடுத்த ஐம்பது நொடி
ஐந்து பேரும் வாயைப் பிளந்துகொண்டு
கோலியின் காலடியில் கிடப்பார்கள்.

லுபோமிர்: முப்பத்தேழு. முட்டியில் பட்டை. கோல் இல்லை.
அவன் தடத்தில், மூலைக்கு ஆறடி முன்னால்,
கால்புள்ளி மாதிரி ஒரு சின்னக் கீறல்.
தோளுக்கு மேலாகப் பார்த்திருக்கிறான்.
அரை அடி தள்ளி இன்னொன்று, மற்றத் தோளுக்கு.
வலையைச் சுற்றி வலப்பக்கம் போகிறவன்போல்
நாலு எட்டு வைக்கிறான், துரத்துகிற இருவரும் கூடவே.
பக்கை மட்டும் வந்த வழியே விட்டுவிடுகிறான்.
அங்கே ஜோடி ஆள் மிஷாரி, பத்தொன்பது வயது,
கூப்பிட்டு வைத்த மாதிரி நிற்கிறான்.
அவனிடமிருந்து நடுவே ஒரு சாய்ந்த பாஸ்.
மூன்று நொடி.
யாரும் கைதட்டவில்லை. ஆபத்து ஒன்று
நடக்காமல் போனதற்கு எதற்குக் கைதட்டுவது?

மார்ச்சில் கோச் ஹ்லாவாச்
கம்ப்ரஸர் அறைக்கே வந்தார், கையில் டேப்லெட்.
இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான் பணம் இருக்கிறதாம்.
கணக்கெழுதும் பையன் கோலை எண்ணியிருந்தான்.
இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்டார்,
"நீதானே தினமும் தரையைப் பார்க்கிறவன்?"

கதவிடுக்கில் நின்று எண்ணியதைச் சொன்னேன்.
கடைசி ஆட்டத்தில் லுபோமிர் பதினொன்றில் எட்டு,
வெய்க்கோ பதினான்கில் நாலு.
"எட்டு எக்ஸிட்," என்று குறித்துக்கொண்டார், சிரித்தபடி.
அவர் வாயில் அது நல்ல சொல்:
பக் சேதமில்லாமல் வெளியே போவது.
எங்கள் மெஸ்ஸில் அதைத் தணிந்த குரலில்தான் சொல்வோம்.
போன வாரம் இரவு ஷிஃப்ட் அருள்வளனுக்கு
எக்ஸிட் அடித்துவிட்டார்கள்.
பதினாறு வருஷம், முப்பது கிலோ.
குக்கரை இங்கேயே விட்டுப் போனான்.

நான் சொன்னது சரி. இப்போதும் சரி.
வெய்க்கோவின் பெயர்ப்பலகையை லாக்கரிலிருந்து
நான்தான் ஸ்க்ரூ கழற்றினேன், வேறு ஆள் இல்லை.

அவன் விமானம் ஏறிய காலை
ஐந்தரைக்கு விளக்கைப் போட்டேன்.
ராத்திரி யாரோ தனியாக ஆடியிருக்கிறார்கள்.
நீலக்கோடு துளி கீறல் இல்லாமல் கிடந்தது.
வலைக்குப் பின்னால் மட்டும்
கால்புள்ளிகள்.
இருபது வரை எண்ணினேன்,
முதலில் கோணலாக, போகப்போகத் தெளிவாக,
இடத் தோளுக்கு ஒன்று, வலத் தோளுக்கு ஒன்று.

ஏழு மணிக்குப் பிள்ளைகளின் வகுப்பு.
வெந்நீரைத் திறந்தேன்.