மீட்டர் எண் 0417

என் தோட்டத்துப் பூக்களுக்குப் பெயர் கிடையாது.
ஊருலகம் ஐரிஸ் என்பதை
திரியாவ்னாவில் நாங்கள் பெருனிகா என்கிறோம்;
இடியைக் கையில் வைத்திருந்த பழைய சாமி
பெருனின் பெயரைச் சுமக்கிற பூ.
மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம்
வீடு வீடாய்க் கணக்கெடுத்தவனிடம்
அது வந்து சேர்ந்ததில் அதிசயமில்லை
என்பாள் நெவியானா.

மீட்டர் எப்போதும் கொல்லைச் சுவரில்.
சுவரடியில் எப்போதும் ஒரு பெருனிகா.
நாயைக் கட்டச் சொல்லி உள்ளே போய்
எண்ணைக் குறித்துக்கொண்டு
'ஜூலையில் பிரிக்கும்போது எனக்கொரு துண்டு' என்பேன்.
செய்தித்தாளில் சுருட்டித் தருவார்கள்,
இஞ்சி போல முடிச்சு முடிச்சாய்.
என்ன வகை என்று கேட்டால்
'அதுவா, நீலம்' என்பார்கள்.
நான் மீட்டர் எண்ணைத் தகரத்தில் கீறி
மண்ணில் குத்திவைத்தேன்.

1163-க்கு மொட்டின் உறை வெள்ளிக் காகிதம்.
விரிந்தால் திராட்சை வாசனை.
3351-க்குத் தாடியே இல்லை; இலை புல்லைப் போல.
செப்டம்பரில் அதன் காய் காற்றில் கலகலக்கும்.
0098 தன் இலைக்குள்ளேயே ஒளிந்து பூக்கும்,
முகர வேண்டுமென்றால் குப்புறப் படுக்க வேண்டும்.
படுத்தேன். பழுத்த பிளம்.
வேலியோரம் போன பாதிரியார்
ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா என்றார்.

ஓய்வு பெற்ற மே மாதம்
அழிந்துபோன இலக்கங்களைப் படிக்க வைத்திருந்த லென்ஸை
முதன்முதலாய்ப் பூவுக்குப் பிடித்தேன்.
0417. தாடி ஆரஞ்சு, நுனியில் மட்டும் நீலம்.
தொங்கும் இதழில் நரம்புகள்
அரை விரல் ஓடி, சட்டென்று நிற்கின்றன,
ஏதோ சொல்ல வந்து மறந்ததுபோல.
இலையின் அடியில் ஊதாக் கறை.
அடுத்து 2280.
தாடி ஆரஞ்சு.
நுனி நீலம்.
நரம்பு அங்கேயே நிற்கிறது.
கறையை விரலால் அளந்தேன். அதே அளவு.

0417 ஸாவ்கா. 2280 மின்ச்சோ.
அடுத்தடுத்த வீடு.
கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்பதில்
இருபத்திரண்டு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை.

மறுநாள் இரண்டு கிளாஸில் இரண்டு பூ,
ஸாவ்காவின் மேஜையில் வைத்தேன்.
'ஒன்று உன்னுடையது, ஒன்று மின்ச்சோவுடையது.'
அவள் கண்ணாடியைத் தேடவே இல்லை.
'இடது பக்கம் என்னுடையது.
அவனுடையது வெளிறல், ரொட்டி நனைந்தது மாதிரி.'
நான் காப்பியைக் குடித்தேன்.
முந்தின ராத்திரி ஆலங்கட்டி மழையில்
2280 தண்டோடு ஒடிந்து போயிருந்தது.
இரண்டு பூவையும் 0417-லேயே பறித்திருந்தேன்.
சொல்ல வாய் எடுத்தேன்,
அவள் இன்னொரு துண்டு பனீட்ஸா வைத்துவிட்டாள்.

மின்ச்சோவிடம் ஒரு பூ மட்டும் கொண்டுபோனேன்.
அவன் தொடவில்லை.
'அவள் பக்கத்துக் குழாய்
இன்னும் ஒழுகுகிறதா?' என்றான்.
ஒழுகுகிறது என்றேன்.
'ம்' என்றான்.
நான் கிளம்பும்போது கிளாஸை
வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்தான்.

தகரம் இரண்டையும் பிடுங்கவில்லை.
ஒரே வகைக்கு இரண்டு எண்,
கணக்கில் அது பிழை; தெரியும்.
நடுவே ஒரு முழ மண்.
நட்ட வருஷம் கவனிக்காமல்
இரண்டையும் எதிரெதிர் முகமாய் வைத்திருக்கிறேன்.
பெருனிகாவின் கிழங்கு
வருஷத்துக்கு இரண்டு விரல் நகரும்,
தன் முகம் பார்த்த திசையில்.
பிரிக்காமல் விட்டால்
ஆறு வருஷம்.
எனக்கு எழுபத்தொன்று ஆகியிருக்கும்.

'நடுவில் களை மண்டுகிறது, கொத்திவிடவா?'
நெவியானா கேட்கிறாள்.
கையாலேயே பிடுங்கு என்கிறேன்.