ஒரு சாண்

பம்பலப்பிட்டிச் சந்தியில் மழை தொடங்கிப் பத்து நிமிடம்.
பிரேக்கை மிதித்தேன்.
ஜீப் கேட்டது, சில்லுகள் கேட்கவில்லை.
லொத்தர் விற்பவரின் சைக்கிள் பெட்டிக்கு
ஒரு சாண் முன்னால் நின்றோம்.
அவர் திரும்பியும் பார்க்கவில்லை.
பின்சீட்டில் மகள்
சிந்திய மைலோவைப் பற்றி மட்டும் முறையிட்டாள்.

பிரேக்தான் போயிருக்கும் என்றார் சுதர்மன்,
வீட்டில், விசிறிக்குக் கீழே இருந்து.

பஞ்சிகாவத்தையில்
பக்கக் கண்ணாடிகள் குலைகுலையாய்த் தொங்கும் ஒழுங்கையில்
ரிஸ்மி நானா பிரேக்கைத் தொடவே இல்லை.
குந்தியிருந்து
பெருவிரல் நகத்தை டயரில் அழுத்தினார்.
தொதலில் இறங்குவதுபோல் இறங்கியது.
"மிஸ், இது பனியில ஓடச் செஞ்ச சாமான்.
ஜப்பான்ல பூட்டினது, கழட்டாம கப்பலேறி வந்திரிக்கி.
நம்மட வெயிலுக்கு இளகும்.
மழைக்கு, அல்லா காப்பாத்தணும்."

ஓரத்தில் சின்னதாய் ஒரு முத்திரை:
மூன்று முடி உள்ள மலை, நடுவே ஒரு பனித்துகள்.
இரண்டு வருடம் சவர்க்காரம் போட்டு நான் தேய்த்த இடம்.
அழகுக்கு என்றிருந்தேன்.

மொன்றியலில் இருக்கும் தம்பிக்குப் படம் அனுப்பினேன்.
விழுந்து விழுந்து சிரித்தான்.
"நாங்கள் வருசத்தில ரெண்டு தரம் மாத்திச் சாகிறம்,
நீ காசு குடுத்துப் பனியை வாங்கியிருக்கிறாய்.
எல்லாப் பருவத்துக்கும் ஓடுறதாய்ப் பார்த்துப் போடு."

எல்லாப் பருவமும்.
எங்களுக்கு எத்தனை என்று
கடையின் பிளாஸ்டிக் கதிரையில் எண்ணிப் பார்த்தேன்.
தென்மேல் மழை. பிறகு வாடை.
நடுவில் பின்னேர இடி.
சோதனைச் சாவடிகளுக்கு முன் இறங்கி நடந்த பருவம் ஒன்று,
ஊரடங்கு ஒன்று,
பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க
அங்குலம் அங்குலமாய் ஜீப்பைத் தள்ளிய பருவம் ஒன்று.
அப்போது இந்த டயர் நன்றாகத்தான் உருண்டது.
நின்ற இடத்தில் நிற்பதற்கு எதுவும் போதும்.

நானா ஒவ்வொன்றாய் உருட்டி வந்தார்.
சீனா. தாய்லாந்து. உள்ளூர்.
விலையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்,
வீட்டில் நோயாளி இருப்பதுபோல.
நான் விலையை விட்டுவிட்டு
நாலு இலக்கத்தைத் தேடப் பழகிக்கொண்டேன்:
முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம்.
கழற்றிய பழையதில் மூவாயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு.
அந்த முப்பத்தைந்தாம் வாரம்
மகள் என் வயிற்றில்கூட இல்லை.
யாரோ ஒரு தாய் அங்கே
வெள்ளைத் தெருவில் தன் பிள்ளையை ஏற்றிப் போயிருப்பாள்.
அவளுக்கு இது நின்றிருக்கும்.

உள்ளூரை எடுத்தேன்.
நெளியாத நேர்க்கோடாய் நாலு வாய்க்கால், அகலம்.
காலி வீதித் தண்ணீர் ஓட அது காணும்.

"பழசுக்கு ஒன்னுக்கு அய்யாயிரம் தாரன்.
நுவரெலியாப் பக்கம் ஒராள் கேக்கார்,
குளிருக்கு நல்லமாம்."

நாலு பெருக்கல் ஐந்து.
மகளின் வகுப்புக் காசு, மாமிக்குக் கண் துளி.
கை நீட்டியிருப்பேன்.
ஆனால் மலைப்பாதை மழை, ஒரு வளைவு,
அங்கே எந்தப் பெட்டிக்கு முன்னால்
எத்தனை சாண்?

வெட்டிவிடுங்கள் என்றேன்.
நானா என்னைப் பார்த்தார்,
பைத்தியங்களைப் பார்க்கிற மரியாதையோடு.
மூன்றின் பக்கவாட்டிலும் கத்தியை இழுத்தார்.
நாலாவதில் கையை நிறுத்தி,
"இத மட்டும் தாங்க மிஸ்,
மொகத்துவாரத்துல மச்சான்ட போட்டு இரிக்கி.
கரையில முட்டாம பக்கத்துல கட்டித் தொங்கப் போடுவான்.
அது றோட்டுக்கு வராது."

சரி என்றேன்.

மலையும் பனித்துகளும்
இப்போது உப்புத் தண்ணீரில் முட்டிக்கொண்டிருக்கும்.
நேற்றும் மழை.
பம்பலப்பிட்டியில் ஒரு முழம் இடைவெளி.
லொத்தர்காரர் கண்ணாடியைத் தட்டினார்.
ஒன்று வாங்கினேன்.
விழவில்லை.