ஐம்பத்தாறு பூச்சியம் இரண்டு

நாகபட்டினத்துக் கப்பலில் வந்த சின்ன மூட்டை.
உள்ளே வெள்ளை ஃபெல்ற், பன்னிரண்டு சுருள்.
கிறிஸ்மஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டி வெட்டவென்று
இளவாலை பெனடிக்ரா கையொப்பமிட்டிருக்கிறா.
பொருளின் விபரம் என்ற கட்டத்தில்
'கம்பளி' என்று பென்சிலால் எழுதி
'கலந்தது' என்று பேனையால் சேர்த்து.

எவ்வளவு கலந்தது என்று கேட்டேன்.
"ஆடு கொஞ்சம், மற்றது கொஞ்சம் சேர்."

நெய்ததா? இல்லை.
பின்னியதா? இல்லை.
நூலே இல்லாத துணி இது.
சவர்க்காரத் தண்ணீரிலும் சூட்டிலும் நசிபட்டு
மயிரை மயிர் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றதால் மட்டும் துணியானது.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்,
ஊசி குத்திய தடமில்லை.
ஆகவே துணைத்தலைப்பு பத்து அல்ல.
ஆடு கூடினால் இருபத்தொன்று,
மற்றது கூடினால் இருபத்தொன்பது.
என் வேலை இவ்வளவுதான்.

ஒரு முனையைச் சுவாலையில் பிடித்தேன்.
பாதி, கடதாசி போல ஓடி எரிந்தது.
பாதி சுருண்டு, கறுத்து, நின்றது.
தலைமயிர் கருகும் மணம்.
பக்கத்து மேசைக் கேதாரநாதன் எழும்பிப் போய்
ஜன்னலைத் திறந்துவிட்டார்.
காங்கேசன்துறைக் காற்று உள்ளே வந்தது.
நாங்கள் ஒன்றும் பேசவில்லை.
அந்த மணத்தை முதலில் எங்கே அறிந்தோம் என்பதற்குப்
படிவத்தில் கட்டமில்லை.

சாமணத்தால் இழை இழையாய்ப் பிரித்து
ஒரு பின்னேரம் முழுக்க நிறுத்தேன்.
ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது.
ஆடுதான் என்றது தராசு.
ஆனால் கார்த்திகை மாதம், வாடை,
சுவரிலேயே உப்பு வியர்க்கும் அறை.
கம்பளி தாகமுள்ள சாதி,
காற்றிலிருந்தே குடித்துக் கனக்கும்.
மழையை நிறுத்து
ஆடென்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மாதிரி கொழும்புக்குப் போனது.
அவர்கள் ஈரத்தைக் காயவைத்து
காரத்தில் ஆட்டைக் கரைத்து
கரையாமல் கிடந்ததை நிறுத்து
ஒரே வரியில் றிப்போட் அனுப்பினார்கள்:
ஐம்பது, ஐம்பது.

சரிபாதி வந்தால் என்ன செய்வதென்றும்
யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ,
முன்னமே யோசித்து வைத்திருக்கிறார்.
சமமாய் நிற்பவற்றுள்
இலக்க வரிசையில் எது கடைசியோ
முழுவதும் அதுவே எனக் கொள்க.
ஐம்பத்தோராம் அத்தியாயத்தில் ஆடு,
ஐம்பத்தைந்தில் விஸ்கோஸ்.
பிந்தி நின்றது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

இரண்டாந்தரம் வாசித்தபோது
விதி என்னைப் பார்த்தது.
அப்பா பண்டாரவளை, அம்மா காரைநகர்.
எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு
ஒருகாலம் இரண்டையும் சொன்னேன்.
பிறகு ஒரு வரிசையில் நின்றோம்,
செட்டிகுளம் என்று ஒருவர் அட்டையில் எழுதினார்,
என் முகத்தைப் பார்க்காமல், அழகான கையெழுத்தில்.
நெடுங்காலம் முழுவதும் அதுவாகவே கொள்ளப்பட்டேன்.

பெனடிக்ராவைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன்.
"அப்ப இது ஆடு இல்லையோ சேர்?"
"சட்டப்படி இல்லை அக்கா."
"இந்த ஐம்பது வீதம்?"
"அது இருக்கு. ஆனால் கணக்கில் இல்லை."
அவ சிரித்தா, கொஞ்சம் பிந்தி.
"மேய்ப்பர் கேட்டால் என்ன சொல்ல?"
காசை இரண்டுதரம் எண்ணி வைத்தா.
எரித்துப் பார்த்த துண்டையும்
தரச்சொல்லி வாங்கிக்கொண்டா,
சாமான் சாமான்தானே என்று.

மார்கழி இருபத்தாறு, வேறு அலுவலாய்
இளவாலைப் பக்கம் போனேன்.
தேவாலய வாசலில் குடில்.
வைக்கோல், மின்குமிழ், மழையில் நனைந்த நட்சத்திரம்.
இருபத்தொன்பதாம் துணைத்தலைப்பு
முழங்கால் மடித்துப் படுத்திருந்தது, மந்தையாய்.
ஓரத்துக் குட்டிக்கு
ஒரு காது மட்டும் கறுப்பு.

குனிந்து மணந்து பார்க்கவில்லை.